குளியலறைச் சுவருக்கு டெக்ஸ்சரும் பெயிண்டும்

தமிழ்நாட்டு வீடுகளில் குளியலறையைப் புதுப்பிக்கும்போது சுவரில் ஏழடி உயரம் வரை டைல் ஒட்டுவது இன்று வழக்கமாகிவிட்டது. கதவும் லிண்டலும் ஏழடியில் சந்திப்பதால் டைலும் அந்த மட்டத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் கூரை வரை எஞ்சும் இரண்டரை, மூன்றடிப் பட்டையும், கூரையின் அடிப்பரப்பும்தான் டெக்ஸ்சருக்கும் பெயிண்டுக்கும் உரிய இடம். பரப்பளவில் இது சிறியது. ஆனால் வீட்டின் வேறெந்தச் சுவரையும்விட விரைவில் கெடுவது இதுதான்.

கெட்டதும் பெயிண்டைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். உண்மையில் குளியலறையில் பெயிண்ட் உப்பி உரிவதற்குப் பெரும்பாலும் காரணம் அதன் மேல் தெறிக்கும் தண்ணீர் அல்ல. சுவருக்குள் ஊறி நின்று பின்பக்கத்திலிருந்து தள்ளும் ஓதம். இன்றைய எமல்ஷன்கள் முன்னாலிருந்து படும் நீரை ஓரளவு நன்றாகவே தாங்கும். பின்னாலிருந்து வரும் ஈரத்தைத் தாங்கும் சுவர் பெயிண்ட் எதுவும் இல்லை, விலை எதுவானாலும். அதனால் இந்த வேலையின் பாதி, பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ஈரத்தின் ஊற்று

கறை எங்கே நிற்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். மேல்மாடிக் குளியலறைக்கு நேர்கீழே கூரையில் கறை படர்ந்திருந்தால், மேல்தளக் குளியலறைக்காகத் தாழ்த்திவிட்ட சங்கன் பள்ளத்திலோ தரை ட்ராப்பின் மூட்டிலோ ஒழுக்கு இருக்கிறது. சுவருக்குள் குழாய் ஓடும் தடத்திலேயே ஈரம் தெரிந்தால் குழாய்க் கசிவு. வென்டிலேட்டரின் மூலையிலிருந்து சரிவாக இறங்கும் கறை மழைநீருடையது. ஐப்பசி கார்த்திகையில் தோன்றி, கோடையில் காய்ந்து, வெளிர் வளையமாக மிஞ்சும். தரைத்தளத்தில் அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஓதம் சற்றே ஏமாற்றும் வகை. குளியலறைப் பக்கம் டைல் மூடியிருப்பதால் அது அங்கே தெரியாமல், அதே சுவரின் மறுபக்கத்தில், படுக்கையறையில் உப்பாகப் பூக்கும்.

குழாயைச் சோதிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. இரவில் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதையும் எல்லாக் குழாய்களையும் நிறுத்திவிட்டு, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வைத்துக் காலையில் மறுபடி பார்ப்பது. மட்டம் இறங்கியிருந்தால் தண்ணீர் எங்கோ போகிறது. புதிய சிபிவிசி குழாய்களைச் சுவரில் பதிக்கும்போது, பூசி மூடுவதற்கு முன் பிரஷர் பம்ப் வைத்துச் சோதித்துவிட வேண்டும். டைல் ஒட்டிய பிறகு தெரியவரும் கசிவுக்குச் செலவு பல மடங்கு. மேல்தளத் தரையைச் சோதிக்க, ட்ராப்பை அடைத்து 24 முதல் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி வைப்பார்கள்.

மழைநீர் உள்ளே வரும் சுவரை வெளிப்பக்கத்தில்தான் சரிசெய்ய வேண்டும். உள்ளே வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடித்துத் தடுக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஈரம் சுவரிலேயே தங்கி, பூச்சின் பின்னால் உப்பைச் சேர்த்து, சில பருவங்களில் பூச்சோடு சேர்த்துத் தள்ளிவிடும். கூரையில் சாந்து பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் அது பெயிண்டரின் வேலையே அல்ல. கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகே மற்றவை.

பழைய பரப்பை நீக்குதல்

ஊற்று அடைபட்ட பிறகு சுவரைக் கரண்டிக் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். பொள்ளென்று ஒலிக்கும் இடத்தில் சாந்து சுவரை விட்டுவிட்டது என்று பொருள். அங்கெல்லாம் செங்கல் தெரியும் வரை கொத்தி எடுக்க வேண்டும். சுண்ணாம்போ டிஸ்டம்பரோ அடித்த சுவரில் உள்ளங்கையைத் தேய்த்தால் மாவு ஒட்டும். இந்த மாவின் மேல் அடித்த எமல்ஷன் சுவரைப் பிடிப்பதில்லை, மாவைத்தான் பிடிக்கும். முதல் ஈரத்திலேயே தோலாக உரிந்து வரும். எனவே தண்ணீர் தெளித்து ஊறவைத்துப் பட்டித் தகட்டால் சுரண்டி முழுதாக எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. பெயிண்டர்கள் தட்டிக்கழிக்கப் பார்க்கும் வேலை இது.

மாறாக, உப்புப் பூத்த இடத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. நீரில் கரைந்த உப்பு மறுபடி சுவருக்குள்ளேயே இறங்கும். உலர்ந்த பிரஷால் தட்டி, விழுந்த தூளை வாரி வெளியே கொட்ட வேண்டும். சில நாள் விட்டுப் பார்த்து, திரும்பப் பூத்தால் திரும்பவும் தட்ட வேண்டும். பூப்பது நிற்காவிட்டால் ஈரத்தின் ஊற்று இன்னும் அடைபடவில்லை.

பழைய எனாமல் பெயிண்டைத் தேய்ப்பதில் கூடுதல் கவனம் தேவை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. அதை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பாமல், நனைத்துத் தேய்த்துச் சேற்றைத் துடைத்தெடுப்பதே சரி. குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடக் கூடாது.

கரும்புள்ளியாகப் படர்ந்திருப்பது பூஞ்சை. நீர் கலந்த பிளீச்சிங் கரைசலைத் தடவிச் சற்று ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவினால் போகும். இங்கே ஓர் எச்சரிக்கை. நம் வீடுகளில் குளியலறை கழுவ ஆசிட் வைத்திருப்பது சகஜம். பிளீச்சிங்கும் ஆசிடும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவடைத்த சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து. ஒன்றைப் பயன்படுத்திய அன்று மற்றொன்றைத் தொடாமலிருப்பது நல்லது.

பூச்சு, காய்ச்சல், பட்டி

குழாய்க்கும் வயருக்கும் வெட்டிய காடிகளைக் கலவையால் அடைத்து, அதன் மேல் கோழிவலை வைத்து ஆணியடித்துப் பூச வேண்டும். வலை இல்லாவிட்டால் பழைய சாந்தும் புதுச் சாந்தும் சேரும் கோட்டிலேயே மயிரிழை விரிசல் விழும். மேலே எவ்வளவு அழகான டெக்ஸ்சர் போட்டாலும் அந்தக் கோடு ஒருநாள் வெளியே வரும். குளியலறைக்குச் சிமெண்ட் ஒன்றுக்கு மணல் நான்கு என்ற கலவையில், 12 மில்லிமீட்டர் கனத்தில் பூசுவது பொருத்தம். கலவையில் சேர்க்கும் நீர்க்காப்பு மருந்து ஐ.எஸ். 2645 தரக்குறியோடு இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். ஏழு நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும்.

அதன் பிறகுதான் பொறுமைக்கு வேலை. புதுச் சிமெண்ட் பூச்சு காரத்தன்மை மிக்கது. ஈரமும் காரமும் சேர்ந்தால் எண்ணெய் சார்ந்த பெயிண்ட் சோப்பாக மாறிப் பிசுபிசுத்துவிடும். எமல்ஷனிலும் நிறம் திட்டுத்திட்டாக வெளுக்கும். 28 நாள் காயவிடுவது பொதுவான கணக்கு. கடலோர ஊர்களிலும், மழைக்காலத்திலும் அது போதாது. நாள் கணக்கை நம்புவதைவிடச் சுவரைக் கேட்பது மேல்: ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி மறுநாள் எடுத்துப் பார்த்தால், உள்பக்கம் நீர் வியர்த்திருந்தாலோ சுவர் அந்தச் சதுரத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ இன்னும் காயவில்லை.

டைல் வரும் பகுதிக்குப் பாலிமர் கலந்த சிமெண்ட் பூச்சை, ஒரு கோட் குறுக்காகவும் அடுத்த கோட் நெடுக்காகவும் அடிப்பார்கள். ஷவர் சுவரில் அது டைலின் முழு உயரத்துக்கும் ஏற வேண்டும். ஓர் அடியோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் தவறு.

மேல்பட்டைக்குப் பட்டி பார்க்கும்போது வெள்ளைச் சிமெண்ட் புட்டியே சரி. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஜிப்சத்தால் ஆனது. ஈரம் பட்டால் இளகும். ஹாலில் அழகாக நிற்கும் பி.ஓ.பி. வேலை குளியலறையில் நிற்காது. ஃபால்ஸ் சீலிங் வேண்டுமென்றாலும் கால்சியம் சிலிகேட் பலகையோ பிவிசி பட்டையோ எடுப்பது நல்லது. சிமெண்ட் புட்டிக்கு முன் சுவரை லேசாக நனைக்க வேண்டும். இரண்டு கோட்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. டெக்ஸ்சர் வரப்போகும் சுவரில் பட்டி ஒரு கோட்டோடு நின்றாலே போதும். கண்ணாடி போல் வழவழப்பாக்கிவிட்டு அதன் மேல் சொரசொரப்பு போடுவது வீண் கூலி. தேய்க்கும்போது கிளம்பும் தூசி நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் நல்ல முகக்கவசம் கட்டாயம்.

யார் முன், யார் பின்

சிறிய அறையில் கொத்தனார், பிளம்பர், டைல்காரர், எலக்ட்ரீஷியன், பெயிண்டர் எல்லோருக்கும் வேலை இருக்கிறது. வரிசை தவறினால் ஒருவர் செய்ததை அடுத்தவர் கெடுப்பார். பூச்சும் நீர்க்காப்பும் முடிந்து டைல் ஒட்டி கிரௌட் நிரப்பிய பிறகு பிரைமர், டெக்ஸ்சர், பெயிண்டின் முதல் கோட் ஆகியவற்றை முடித்துவிட வேண்டும். அடுத்து கீசர், எக்ஸாஸ்ட் ஃபேன், ஷவர், விளக்கு ஆகியவை பொருத்தப்படும். டிரில் போட்ட தூசியும் கைத்தடமும் சுவரில் பதிவது இந்தக் கட்டத்தில்தான். அதனால் கடைசிக் கோட் எல்லோரும் கிளம்பிய பின்பே. சுவரில் எதை எங்கே மாட்டப்போகிறோம் என்பதை டெக்ஸ்சருக்கு முன்பே குறித்துவிட்டால், மேடுபள்ளத்தின் மேல் கீசர் தகடு ஆடாமல் உட்காரும்படி அந்த இடத்தைச் சமமாக விட்டுவைக்கலாம்.

டெக்ஸ்சர்

கடைகளில் வாளியில் கிடைக்கும் டெக்ஸ்சர் பூச்சு என்பது அக்ரிலிக் பசையில் பளிங்குத் தூளும் மணலும் கலந்த குழம்பு. தூளின் பருமன்தான் சுவரின் முகத்தைத் தீர்மானிக்கிறது. வெளிச்சுவருக்கு விற்கும் பருமணல் வகை குளியலறைக்கு உதவாது. ஆழமான பள்ளங்களில் ஈரமும் தூசியும் தங்கும். பூஞ்சைக்கு அது மெத்தை. ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம் இங்கே போதும். டைல் ஏழடிக்குக் கீழேயே நின்றுவிட்டால், குளிக்கும் பக்கத்தில் கை எட்டும் உயரத்தில் டெக்ஸ்சரே வேண்டாம். வெற்றுடம்போடு நிற்பவரின் தோளும் முழங்கையும் அதில் உரசினால் சிராய்க்கும்.

அளவில் சிறிய அறைக்கு அளவில் சிறிய வடிவமே பொருந்தும். ஐந்தடிக்கு எட்டடி குளியலறையில் ஹாலுக்கான பெரிய சுழிகளைப் போட்டால் சுவர்கள் நெருங்கி வருவதுபோல் தோன்றும். நான்கு பக்கமும் போடுவதைவிட ஒரு பக்கம், பொதுவாகக் கதவைத் திறந்ததும் எதிரே தெரியும் சுவர், மட்டும் போட்டு மற்ற மூன்றையும் சமமாக விடுவது பார்வைக்கும் பராமரிப்புக்கும் நல்லது. கூரைக்கு டெக்ஸ்சர் தேவையே இல்லை. வெந்நீர் ஆவி முதலில் படிவது அங்கேதான். துடைக்க வேண்டிய பரப்பில் மேடுபள்ளம் உபத்திரவம்.

முறைகளில் எளிது ரோலர். சுவரில் குழம்பைக் கரண்டியால் ஒரே கனத்தில் இழுத்துப் பரப்பிய பின், டெக்ஸ்சர் ரோலரைக் கீழிருந்து மேலாக, ஒரே அழுத்தத்தில், ஒரே திசையில் உருட்ட வேண்டும். முன்னும் பின்னும் உருட்டினால் புள்ளிகள் படுத்துக் குழம்பும். பழகாத கைக்கும் ஓரளவு சீராக வருவது இந்த முறையில்தான். கரண்டி இழுப்பு இன்னொரு வகை: குழம்பு சற்று இறுகத் தொடங்கும்போது பிளாஸ்டிக் கரண்டியை மேலிருந்து கீழாக இழுத்தால், பருமணிகள் உருண்டு கீறல்களை உண்டாக்கும். குளியலறையில் இந்தக் கீறல்கள் செங்குத்தாக இருப்பது முக்கியம். கிடைக்கீறலில் தண்ணீர் தங்கும், செங்குத்தில் வழிந்துவிடும். ஸ்பாஞ்சால் ஒற்றி எடுப்பது மென்மையான தோற்றம் தரும். ஆனால் ஒரே கை ஒற்ற வேண்டும், இருவர் சேர்ந்து செய்தால் எங்கே ஆள் மாறினார் என்பது சுவரில் தெரிந்துவிடும். சீப்பு, அச்சு என்று வேறு பலவும் உண்டு. மூன்றடிப் பட்டைக்கு அவை மிகை.

எந்த முறையானாலும் முதலில் இரண்டடிப் பலகையில் மாதிரி போட்டு, காயவிட்டு, குளியலறை விளக்கின் கீழ் வைத்துப் பார்ப்பது அவசியம். வென்டிலேட்டரிலிருந்து சாய்வாக விழும் பகல் வெளிச்சத்தில் மேடுகள் இரட்டிப்பாகத் தெரியும். கடையில் காட்டும் மாதிரி அட்டையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் பிறகு வருந்துவது இதனால்தான்.

வேலை தொடங்கினால் ஒரு சுவரை மூலையிலிருந்து மூலை வரை இடையில் நிறுத்தாமல் முடிக்க வேண்டும். பாதியில் டீ குடிக்கப் போனால் காய்ந்த விளிம்பும் ஈர விளிம்பும் சேரும் இடம் தழும்பாக நிற்கும். டைலின் மேல்விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் டேப் ஒட்டி அந்தப் பட்டையைச் சமமாக விட்டால் வேலை நேர்த்தியாக முடியும், துடைக்கவும் வசதி. டேப்பைக் குழம்பு காய்வதற்குள் உரித்துவிட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மேல்தோல் மங்கத் தொடங்கும். அப்போது நனைத்த கரண்டியைப் படுக்கவைத்து லேசாக ஒருமுறை தடவினால் கூர்முனைகள் மடங்கும். அழுத்தினால் வடிவமே அழியும். பிறகு ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும்.

வாளி டெக்ஸ்சர் வேண்டாம் என்பவர்களுக்குச் சுண்ணாம்பு வழி ஒன்று இருக்கிறது. மொராக்கோவின் மராக்கெச் நகரத்துக் குளியல் மண்டபங்களில் தடெலாக்த் என்ற பூச்சைச் சுவர்களில் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து, ஆலிவ் எண்ணெய்ச் சோப்பைத் தடவுகிறார்கள். சோப்பு சுண்ணாம்போடு வினைபுரிந்து நீரில் கரையாத படலமாகிவிடுகிறது. நம் செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பல அடுக்காகப் பூசி மெருகேற்றப்படுவது. காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் இன்றும் பளபளக்கிறது. இரண்டுமே கைதேர்ந்த கொத்தனாரின் வேலை, கூலியும் நாளும் அதிகம். பழைய பெயிண்டின் மேல் இவை நிற்காது. செங்கல் வரை கொத்திப் புதிதாகப் பூசத் தயாராக இருப்பவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

பெயிண்ட்

காரத்தைத் தாங்கும் நீர்சார் பிரைமர் ஒரு கோட், அதன் மேல் பூஞ்சைத் தடுப்பு சேர்ந்த அக்ரிலிக் எமல்ஷன் இரண்டு கோட். குளியலறைக்கு இதுவே அடிப்படை. மேட் வகை கறையைப் பிடித்துக்கொள்ளும், தேய்த்தால் பளபளப்புத் திட்டு விழும். முழுக் கிளாஸ் வகையோ சுவரின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். இடைப்பட்ட சாட்டின் அல்லது ஷீன் வகை துடைக்க எளிது, கண்ணையும் உறுத்தாது. நிறத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: போர்வெல் தண்ணீர் உப்பு மிகுந்த ஊர்களில், தெறித்துக் காய்ந்த துளிகள் வெள்ளைப் புள்ளியாகப் படியும். அடர்நீலமும் கறுப்பும் அங்கே தினமும் துடைக்கச் சொல்லும் நிறங்கள்.

அளவைக் கணக்கிடுவது எளிது. ஐந்தடிக்கு எட்டடி அறையின் சுற்றளவு 26 அடி. சுவர் பத்தடி, டைல் ஏழடி என்றால் மேல்பட்டை 78 சதுர அடி. வென்டிலேட்டருக்கு மூன்று கழித்தால் 75. கூரை 40. டெக்ஸ்சர் போட்ட சுவர் சமச்சுவரைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம் குடிக்கும். நான்கு பக்கமும் டெக்ஸ்சர் என்று வைத்தாலும் 75 என்பது 100 ஆகும். கூரையோடு 140, இரண்டு கோட்டுக்கு 280 சதுர அடி. லிட்டருக்கு நூறு சதுர அடிக்குச் சற்று மேல் என்று கொண்டால் சுமார் இரண்டரை லிட்டர். நான்கு லிட்டர் டப்பா தாராளம். பத்து லிட்டர் கேட்கும் பெயிண்டரிடம் கணக்கைக் காட்டலாம்.

தண்ணீர் கலக்கும் அளவு டப்பாவிலேயே அச்சிடப்பட்டிருக்கும். கூடுதலாகக் கலந்தால் பெயிண்ட் மலிவாகப் பரவும், மறைக்கும் திறன் போய்விடும். சுவருக்கு ரோலர், மூலைக்கும் டைல் விளிம்புக்கும் பிரஷ். டெக்ஸ்சர் பரப்பில் நீண்ட மயிருள்ள ரோலர் பிடித்தால்தான் பள்ளத்துக்குள் பெயிண்ட் இறங்கும். குட்டை மயிர் ரோலர் மேடுகளை மட்டும் நனைத்துவிட்டுப் போகும். முதல் கோட்டுக்குப் பின் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தால் விட்டுப்போன பள்ளங்கள் வெள்ளையாகத் தெரியும். கோட்டுகளுக்கிடையே நான்கு மணி நேரமாவது இடைவெளி. மழை நாளில் மறுநாள் வரை விடலாம். வடகிழக்குப் பருவமழைக்காலமான அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இந்த வேலையைத் தவிர்ப்பவர்கள் புத்திசாலிகள்.

டைலும் பெயிண்டும் சேரும் கோட்டில் மெல்லிய இடைவெளி விழும். அதைச் சிலிக்கானால் அடைத்துவிட்டால் அதன் மேல் பெயிண்ட் ஒட்டாது. பெயிண்ட் ஏற்கும் அக்ரிலிக் சீலன்டை இழுத்துவிட்டு அதன் மேல் கடைசிக் கோட் அடிக்க வேண்டும்.

பழைய டைலை எடுக்காமல் அதன் மேலேயே பெயிண்ட் அடிக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. எண்ணெய்ப்பிசுக்கு நீக்கி, உப்புத்தாளால் மினுமினுப்பைப் போக்கி, இரண்டு பொருள் கலக்கும் எபாக்ஸி பெயிண்ட் அடித்தால் வாஷ்பேசின் பக்கத்துச் சுவரில் சில காலம் நிற்கும். ஷவருக்குக் கீழ் வேண்டாம்.

வேலை நடக்கும் நாட்களில் கீசர் லைனை மெயினிலேயே நிறுத்த வேண்டும். டைல் தரையில் ஏணிக்கால் வழுக்கும் என்பதால் அது நகராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பயன்பாட்டில்

பெயிண்ட் தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரே நாளில் வரும். முழுதாக இறுக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். வேறு குளியலறை இருந்தால் முதல் சில நாட்கள் இதை மூடி வைக்கலாம். இல்லையென்றால் வெந்நீர் ஷவரையாவது தவிர்த்து, வாளியில் குளிக்கலாம். இந்த வாரங்களில் சுவரைத் தேய்த்துக் கழுவக் கூடாது.

பிறகு சுவரைக் காப்பது காற்று. ஆறு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் இந்த அளவு அறைக்குப் போதும். குளித்து முடித்து இருபது நிமிடம் ஓட வேண்டும். கதவடியில் அரை அங்குல இடைவெளி இல்லாவிட்டால் உள்ளே வரக் காற்று இல்லாமல் ஃபேன் வெறுமனே சுற்றும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர் ஊர்களில் ஆவி சுவரில் நீராகவே வழியும். அங்கே குளித்ததும் கூரையை ஒருமுறை துடைத்துவிடுவது வழக்கமானால் பூஞ்சை அண்டாது. மாதம் ஒருமுறை மென்மையான பிரஷும் சோப்புத் தண்ணீரும் டெக்ஸ்சருக்குப் போதும். ஆசிட் அதன் மேல் படக் கூடாது. பளிங்குத் தூளை அது அரித்துவிடும்.

டெக்ஸ்சர் சுவரில் ஒட்டுப்போடுவது கடினம். மீந்த குழம்பைக் காற்றுப் புகாத டப்பாவிலும், பெயிண்டை அதன் நிற எண்ணோடும் எடுத்து வைத்தால் ஒரு கை அகலப் பழுதைச் சரிசெய்யலாம். அதைவிடப் பெரிய பழுதென்றால் அந்தச் சுவரை மூலையிலிருந்து மூலை வரை மறுபடி பெயிண்ட் அடிப்பதே ஒட்டு கண்ணுக்குத் தெரியாமலிருக்க வழி.